தம்பியின் சட்டை

மாசிலாமணி சார் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று ஞானப்பூவுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷமாக அவர் கண்ணைப் பார்த்தே மனசைத் தெரிந்துகொண்டு பழகியவள். பள்ளிக்கூடம் விட்டு அவர் வீட்டு நடையில் ஏறும்போதே கண்ணைப் பார்த்துவிடுவாள். இன்றைக்குக் காப்பியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா, இல்லை சீனி தீர்ந்துபோன கதையைச் சொல்லலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இப்போது அந்தக் கண்கள் வெள்ளைத் துணிக்கட்டுக்குள் போய்விட்டன. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பையை அண்டக் கொடுத்து, இரும்புக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். மூக்கும் மீசையும் வாயும் மட்டும் தெரிந்தன. வாயைப் பார்த்தால் தூங்குகிற மாதிரி இருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கை விரல்களைப் பார்த்தால் விழித்திருக்கிற மாதிரி இருந்தது. இடது கண் எப்போதோ நீர் கோத்து அவிந்துபோனது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை வளர்ந்து, அதைக் கீறி எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். நல்லது கெட்டது எல்லாம் இனி இந்த ஒரு கண்ணில்தான். காலையில் வார்டு சிஸ்டர் வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்: தலையைத் திருப்பக் கூடாது, இருமக் கூடாது, கடித்துத் தின்னக் கூடாது, சிரிக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது. "அழுறதுக்கு எனக்கு என்னம்மா இருக்கு" என்றார் அவர். சிஸ்டர் வாசல்வரை போய், ஞானப்பூவை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டு, தையல் பிரிஞ்சா அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, நீங்கதான் பார்த்துக்கிடணும் என்றாள். ஞானப்பூ தலையை ஆட்டினாள். மூத்த பிள்ளை அருமைநாயகம் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள்தான், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டின வேப்பமரத்தடியில், இவள் வரச்சொன்னபடி வந்து நின்றுகொண்டிருந்தான்.

பார்த்துக்கிடணும். இவள் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். அப்பாவும் மகனும் பேசி அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண்ணில் கட்டோடு கிடக்கிற மனுஷனிடம் அந்த மகனைத் தம்பி என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணச் சொல்லப்போகிறாள். யோசனை எப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. வந்ததும், ஐயையோ, வேண்டாம் என்று எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது யோசனையும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சின்னவன் சுகிர்தத்திடம்தான் முதலில் சொன்னாள். அவன் திட்டுவான், தடுப்பான், தடுத்தால் விட்டுவிடலாம் என்றுதான் சொன்னாள். அவனோ, "நான் இன்னைக்குச் சாயந்திரம் மதுரை மில்லு வேலைக்குக் கிளம்புறது அப்பாவுக்குத் தெரியும்லா, கிளம்பும்போது எப்படியும் ஜெபம் பண்ணுவாவ. எனக்குப் பதிலா அண்ணன் முழங்கால் போடட்டும். நான் அடுத்த மாசம் வரும்போது வாங்கிக்கிடுதேன்" என்றான், ஏதோ பந்தியில் இடம் விட்டுக்கொடுப்பது மாதிரி. அப்புறம் அவனேதான் சொன்னான், கண்ணு மூடினதுக்கு அப்புறம் அப்பாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மையாயிருக்கும்மா, நேத்து நான் பத்தடி தள்ளி வரும்போதே மில்லு எண்ணெய் வாசனையை வச்சுக் கண்டுபிடிச்சுட்டாவ என்று. அதைக் கேட்டதும் இவள் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது: "அப்போ உன் சட்டையைக் கழத்தி அவனுக்குக் குடு." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்தில், இரண்டு பிள்ளைகளும் பனியனோடு நின்று சட்டை மாற்றிக்கொண்டார்கள். அண்ணனுக்குத் தோள்பட்டை பிடித்தது. சுகிர்தத்துக்கு அண்ணன் சட்டை தொளதொளவென்று தொங்கியது. சிரித்தான். ஞானப்பூவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரெபெக்காள், ரெபெக்காள் என்று உள்ளே யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

எத்தனை வருஷம் சண்டே ஸ்கூலில் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறாள். கண் தெரியாத வயசாளி ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவுக்கு ஆசீர்வாதம் கொடுக்க வேட்டைக் கறி கேட்டு அனுப்புகிறார். அவர் பெண்டாட்டி ரெபெக்காள் அதை ஒட்டுக்கேட்டு, இளையவன் யாக்கோபுக்கு அண்ணன் துணியை உடுத்தி, அண்ணன் கை ரோமம் மாதிரி இருக்கட்டும் என்று கையில் ஆட்டுத்தோலைச் சுற்றி, அப்பாவிடம் அனுப்புகிறாள். அவரும் தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, ஏமாந்து, மூத்தவனுக்கு வைத்திருந்ததை எல்லாம் இளையவன் தலையில் சொல்லிவிடுகிறார். தோலைச் சுற்றுகிற இடம் வரும்போது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காட்டுவார்கள். இவள் அதட்டி உட்காரவைத்து, அம்மா ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை வஞ்சிக்கலாமா, கண்ணு தெரியாதவங்களை ஏமாத்தலாமா என்று கேட்பாள். கூடாது டீச்சர் என்று கோரஸாக வரும். எவ்வளவு லேசாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அந்த அம்மாளுக்கு அன்றைக்கு அடுப்படியில் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்தோமா. ஒரு வருஷம் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று, "அந்த அம்மா ஏன் டீச்சர் நேராவே போயி அந்த ஐயாகிட்ட கேட்கல?" என்றாள். ஞானப்பூ அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாள் என்பது ஞாபகமில்லை. கேட்டவளை மட்டும் ஞாபகமிருக்கிறது. தங்கபுஷ்பம். யேசுவடியான் மகள். ஒல்லியாக, காதில் வேப்பங்குச்சியோடு. அந்தப் பேர் நினைப்பில் வந்ததும், கட்டிலில் கிடந்தவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தவள் போல ஞானப்பூ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். எத்தியோப்பியாவை நினைக்கலாம். அருமைக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்கு ராத்திரி ரயில் ஏறி மெட்ராஸ், அங்கேயிருந்து பம்பாய், அப்புறம் விமானம். எத்தியோப்பியா என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மோசே அந்த தேசத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான் என்று கூடப் பிறந்த அக்காளும் அண்ணனும் அவனை ஏசினார்கள். வேதம் முழுக்க இதுதான் போல. அண்ணன் தம்பிக்கு ஆகாது, அக்காளுக்குத் தம்பி ஆகாது, அப்பனுக்கு மகன் ஆகாது. ஒரு வீடாவது ஒழுங்காக இருந்த கதை உண்டா? ஒழுங்கான வீட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார்களோ. அருமை போனால் எப்போது வருவானோ. கடலைத் தாண்டி, மேகத்தைத் தாண்டிப் போகிற பிள்ளை. அவனுக்கு வேஷ்டி எடுத்துக் கொடுக்கலாம், ஊறுகாய் போட்டுக் கொடுக்கலாம். அவளால் கொடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது அவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவார். பாளையங்கோட்டைக்கு ஹாஸ்டலுக்குப் போனாலும் சரி, அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் சரி. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து தொடங்கி, இந்த தேசத்து அதிகாரிகள், மழை, விளைச்சல் எல்லாவற்றையும் சொல்லிக் கடைசியில்தான் பிள்ளை பேருக்கு வருவார். அதற்குள் பஸ் போய்விடும். பையன்கள் முழங்கால் வலித்து நெளிவார்கள். ஆனாலும் அது இல்லாமல் ஒருநாளும் படி இறங்கியதில்லை. அருமை இறங்கினான், ஒரே ஒரு தடவை. டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு. அவர் வீட்டுக்குள்தான் இருந்தார். நாற்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

நினைக்க வேண்டாம் என்றால் நினைப்பு எங்கே கேட்கிறது, சுற்றிச் சுற்றி அதே கிணற்றுமேட்டுக்குத்தான் போகிறது. தங்கபுஷ்பம் பம்புசெட் கிணற்றில் கிடந்தாள். விடிந்து தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் பார்த்தார்கள். வழுக்கி விழுந்தாள் என்றார்கள், குதித்தாள் என்றார்கள். குதித்ததற்கு இன்னின்ன காரணம் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெற்றவன் யேசுவடியான், வழுக்கித்தான்யா விழுந்தா, பாசி கெடக்குய்யா படியில, வந்து பாருங்கய்யா என்று ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னான். சுற்றுப்பட்டு ஊர்ச் சபைகள் எல்லாம் சேர்ந்த சேகரத்துக்கு அப்போது மாசிலாமணி சார்தான் செயலாளர். கல்லறைத் தோட்டத்துச் சாவி அவர் கையில். தானாகச் செத்தவர்களுக்கு உள்ளே இடமில்லை, அதுதான் சபைச் சட்டம், எனக்கு ஒன்று ஊருக்கு ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவரில்லை. அதுதான் கஷ்டம். தன் சொந்தத் தம்பிக்கே சபைச் சந்தா பாக்கிக்காகக் கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலையை நிறுத்தினவர். சட்டம் என்றால் அவருக்குக் கர்த்தரே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது மாதிரி. அந்தப் பிள்ளையைக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, உடைமரத்தடியில் புதைத்தார்கள். மழை தூறியது. ஞானப்பூ போகவில்லை. ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி புடைத்தாள். கல் இல்லாத அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மாசம் சபைக் கூட்டத்தில், வேறு யாருக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று குருவானவர் வழக்கத்துக்குக் கேட்டார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஜெபம் பண்ணிக் கலைவார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து அருமை எழுந்தான். தன் மகன் ஏதோ கணக்கைப் பற்றிக் கேட்கப்போகிறான் என்று நினைத்து இவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "எங்க அப்பா செஞ்சது தப்பு" என்றான். "விழுந்தாளா குதிச்சாளான்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதப்போ உள்ள வச்சிருக்கணும்." சத்தம் போடவில்லை. வகுப்பில் பதில் சொல்வது மாதிரிதான் சொன்னான். கோயிலில் விசிறிகள்கூட நின்றன. அடுத்த சேகரத் தேர்தலில் சார் தோற்றுப்போனார். தோற்றதைக்கூட அவர் தாங்கியிருப்பார். அன்றைக்கே கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, தோளில் கிடந்த நேரியலை எடுத்து மடித்து வைத்துவிட்டு, எனக்கு ஒரே பிள்ளைதான், அவன் பேரு சுகிர்தராஜ் என்றார். அப்போதும் ஞானப்பூ ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேர் பக்கமும் பேசவில்லை. கூட்டத்தில் பெண்கள் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாளே, அதே குனிவுதான் இத்தனை வருஷமும். நேராவே போயி ஏன் டீச்சர் கேட்கல. கேட்டிருக்கலாம் பிள்ளே, கேட்டிருக்கலாம். பயம். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த இல்லை ஆயுசுக்கும் நின்றுவிடுமே என்ற பயம். கேட்காதவரைக்கும் அது இல்லையாகவும் இல்லை, ஆமாவாகவும் இல்லை, நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். அந்த ரெபெக்காளுக்கும் அதேதான் இருந்திருக்கும்.

"ஏட்டி" என்றார் மாசிலாமணி சார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சுகிர்தம் கிளம்பிட்டானா? பஸ்சுக்கு நேரமாகலியா?" உதடு மட்டும்தான் அசைந்தது. அவ்வளவு கவனமாகப் பேசினார். சிஸ்டர் சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். "இப்ப வருவான்" என்றாள். "தொண்டை ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "ஒண்ணுமில்ல, ஃபேன் காத்து." "அவனை வரச்சொல்லு. படுத்துக்கிட்டே ஜெபம் பண்ணா கேக்காதுன்னு ஒண்ணும் இல்ல." வேடிக்கையாகச் சொல்கிறார். நல்ல மனநிலையில் இருக்கிறார். இந்த நல்ல நேரத்தைப் போய்க் கெடுக்கவேண்டுமா? எழுந்து நின்றாள். இப்போதுகூட ஒன்றும் ஆகிவிடவில்லை, வராந்தாவுக்குப் போய்ச் சின்னவனைக் கூப்பிட்டால் போதும், அண்ணன் சட்டையோடு வந்தாலும் வரட்டும். அருமையிடம் போய், ராசா, அம்மாவால முடியல, நீ இப்படியே போயிட்டு வா என்றால் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். ஒன்றும் சொல்லமாட்டான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியாது. சரிம்மா என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொள்வான். கால் வராந்தாவுக்கு வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள். யாரைக் கூப்பிடுகிறோம் என்று கைக்கே தெரியாத மாதிரி ஞானப்பூ கையை ஆட்டினாள். அருமை வந்தான். செருப்பை வெளியே கழற்றினான். "நீ வாயைத் திறக்காத" என்று கிசுகிசுத்தாள். "முழங்கால் போடு, ஆமென் சொல்லு, எழுந்திரு. அவ்வளவுதான். அவிய கண்ணுக்கு ஆகாது, ஞாபகம் வச்சுக்கோ." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை ஏற்பாடும் செய்தவள் இதை யோசிக்காமல் விட்டுவிட்டாளே: பொய் சொல்லத் தெரியாததால்தானே இந்தப் பிள்ளை வீட்டை விட்டே போனான்.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டான். பழைய சிமெண்டுத் தரை, குளிர்ச்சியாக இருக்கும். மில்லு எண்ணெய் வாசனை அறையில் பரவியது. சார் கையைத் தூக்கினார். கை காற்றில் கொஞ்சம் தேடியது. ஞானப்பூ அந்த மணிக்கட்டைப் பிடித்து மகன் தலையில் கொண்டு வைத்தாள். தன் கையாலேயே வைத்தாள். கை வைத்த இடத்தில் இருந்தது. ஜெபம் தொடங்கவில்லை. ஃபேன் மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. விரல் ஒவ்வொன்றாக அசைந்து, முன்தலைக்கு வந்து, காதுக்கு மேலே போய் நின்றது. "யாருல?" என்றார். "சுகிர்தந்தான்" என்றாள் ஞானப்பூ. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, எச்சில் விழுங்குகிற மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனிடம் ஒரு பொய் சொன்னதில்லை என்று நினைத்திருந்தாள், பேசாமல் இருந்ததெல்லாம் பொய்க் கணக்கில் வராது என்று. "நீ சும்மா இரு. நான் அவனைக் கேட்கேன்" என்றார் அவர். அருமையின் முதுகு அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சட்டை முதுகில் இறுகியிருந்தது, தையல் தெறித்துவிடும் போல. தையல். தையல் பிரிஞ்சா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. பேசாதே ராசா, பேசாதே. இல்லை, சுகிர்தம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு, உனக்குப் பாவம் இல்லை, எல்லாப் பாவமும் எனக்கு, அந்த ரெபெக்காள்கூட அப்படித்தான் சொன்னாள் மகனிடம், சாபம் வந்தால் என்மேல் வரட்டும் என்று. நான் எத்தனை தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன் அதை, சிரித்துக்கொண்டே. "அருமைப்பா" என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, "சட்டை மட்டும் தம்பியோடது" என்றான்.

ஞானப்பூ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இதோ கையை உதறப்போகிறார். இதோ எழுந்து உட்காரப்போகிறார், மணல் பை உருண்டு கீழே விழப்போகிறது, வெள்ளைத் துணியில் ரத்தம் பூக்கப்போகிறது, சிஸ்டர் ஓடிவரப்போகிறாள். நீங்கதானம்மா பார்த்துக்கிடணும்னு சொன்னேன். இவர் இனி ஆயுசுக்கும் இருட்டில் உட்கார்ந்து, என் பெண்டாட்டிதான் என்னை இப்படி ஆக்கினாள் என்று, இல்லை, அதைக்கூடச் சொல்லமாட்டார், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார், சுவர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல். போர்வை ஏறி இறங்கியது. பெரிதாக ஏறியது, நின்றது, இறங்கியது. இருமலை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா, கண் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது. கையைப் பார்த்தாள். கை தலையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. "உங்க அம்மை சொன்ன மாதிரி இருந்திருந்தா காரியம் முடிஞ்சிருக்கும்லா" என்றார் சார், மெதுவாக, உதட்டை மட்டும் அசைத்து. "முடிஞ்சிருக்கும்ப்பா." "பின்ன ஏம்ல சொன்ன?" "நீங்க கேட்டீங்கல்லா." வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். சார் மறுபடி மூச்சை இழுத்து விட்டார். "அன்னைக்குக் குருவானவர் கேட்டாரு, சொன்ன" என்றார். "இன்னைக்கு நான் கேட்டேன், சொல்லுத. கேட்டாப் போதும் உனக்கு." அதில் கோபம் எவ்வளவு இருக்கிறது என்று ஞானப்பூ தராசில் வைக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது அந்த விரல்கள் அருமையின் முடிக்குள் போயின. கோதின. பிடித்து லேசாக இழுத்தன. "ஏல, தலைக்கு எண்ணெய்னு ஒண்ணு வைக்கதே இல்லையா? தேங்காநாரு மாதிரி கெடக்கு" என்றார்.

ஞானப்பூ பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. தேங்காநாராம், எண்ணெயாம். எத்தனை நாளாகக் கல் மாதிரி எதையோ சுமந்துகொண்டு திரிந்தாள். சமைக்கும்போது, தண்ணி எடுக்கும்போது, கோயிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது. அதை யாரோ பின்னாலிருந்து வந்து, இங்க கொடு என்று வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "எங்கயோ போறியாமே" என்று கேட்டார் சார். அருமை எத்தியோப்பியா என்றான். "சுகிர்தம் சொன்னானாப்பா?" "யாரும் சொல்லல. உங்க அம்மை தூக்கத்துல ஊறுகாய் பரணி, எத்தியோப்பியான்னு பெனாத்துதா. எனக்குக் கண்ணுதானல கெட்டுப்போச்சு." அருமை சிரித்துவிட்டான். அவருக்கும் வாயோரம் இழுத்தது. ஞானப்பூ பதறி, "சிரிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது" என்றாள், சிரித்துக்கொண்டே. சார் உதட்டைக் கெட்டியாக மூடிக்கொண்டார். பிறகு ஜெபம் தொடங்கினார். துரைமாரும் மழையும் விளைச்சலும் வரவில்லை. நேராக, ஆண்டவரே, என் மூத்த மகன் என்று ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டது. மறுபடியும், என் மூத்த மகன் என்றார். அழப்போகிறார் என்று தெரிந்ததும் ஞானப்பூ எழுந்து அவர் நெஞ்சில் கை வைத்தாள். "வேண்டாம். கண்ணுக்கு ஆகாது." அவர் மூச்சை எண்ணி எண்ணி விட்டு அடங்கினார். "மிச்சத்தை நீ சொல்லு" என்றார்.

அவள் இந்த வீட்டில் சத்தமாக ஜெபம் பண்ணினதே இல்லை. சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு முன்னால் பண்ணுவாள், அடுப்பு முன்னால் வாய்க்குள் முணுமுணுப்பாள். இவருக்கு முன்னால் கேட்கும்படி ஒருநாளும் இல்லை. அவர் கைமேல் தன் கையை வைத்தாள். என்ன சொல்வது. பிள்ளை போகிற வழி, விமானம், அந்த ஊர்த் தண்ணீர், அந்த ஊர்ச் சாப்பாடு, நல்ல மனுஷர், காய்ச்சல் வராமல், நல்லபடியாக. சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல வாய் பழகிக்கொண்டது. சின்னவனுக்கும் சொன்னாள். இவர் கண்ணுக்குச் சொன்னாள். முடிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஆமென் என்று முடித்திருக்கலாம். நாக்கு அங்கே நிற்கவில்லை. "யேசுவடியான் வீட்டையும் நினைச்சுக்கிடும் ஆண்டவரே" என்றாள். "தங்கபுஷ்பத்தையும். சுவருக்கு வெளிய கெடக்கிற பிள்ளை. உமக்கு உள்ள வெளிய ஏது. அன்னைக்கு நான் ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருந்தேன், என்னை மன்னியும்." சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமல் நின்றாள். தன் கைக்குக் கீழே அவர் கை சூடாக இருந்தது. என்ன செய்துவிட்டோம் என்ற பயம் இந்தத் தடவை வரவில்லை. வந்தாலும் வரட்டும் என்றிருந்தது. அருமை ஆமென் சொல்லவில்லை. அவனும் காத்திருந்தான். கட்டிலிலிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம், இருமலுக்குப் பயந்து பாதியிலே நிறுத்தின செருமல். பிறகு சார் சொன்னார், "ஆமென்." கோயிலில் முன்வரிசையிலிருந்து சொல்வாரே, பின்னால் கடைசி பெஞ்சுவரை கேட்கிற மாதிரி, அப்படிச் சொன்னார். வராந்தாவில் நின்ற சுகிர்தம் தொளதொளத்த சட்டையோடு எட்டிப் பார்த்தான்.

அப்புறம் எல்லாம் சாதாரணமாக நடந்தது. சிஸ்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ஐயா நல்லா ஒத்துழைக்காங்க என்று மெச்சினாள். சார் உடைமரத்தைப் பற்றியோ சுவரைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை, பேசுவார் என்று ஞானப்பூ எதிர்பார்க்கவும் இல்லை. அந்த ஆமெனைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அது அப்படியேதான் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று, ரயிலுக்கு முன்னால் எங்கே சாப்பிடுவது என்று வாக்குவாதம் பண்ணினார்கள். அவளுக்கும் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த ஆறின காப்பியை மூடியில் ஊற்றி, நின்றபடியே குடித்தாள். எவ்வளவு ருசி. அருமை பெட்டியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேம்ப்பா" என்றான். சார் தலையைத் திருப்பவில்லை. திருப்பக் கூடாது. மோட்டுவளையைப் பார்க்கிற மாதிரியே கிடந்துகொண்டு, "போய்ச் சேர்ந்ததும் கடிதாசி போடு" என்றார். "சரிப்பா." "உங்க அம்மை பேருக்குப் போடாத. எனக்குப் போடு. எழுத்தைக் கொஞ்சம் பெரிசா எழுது. நானேதான் வாசிப்பேன்."